கோத்தோங் ரோயோங் முடிந்த மறுவாரம்: பூங்காவுக்கும் மலைப்பாதைக்கும் கைகொடுக்கும் குறிப்புகள்

பினாங்கின் சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற பல இடங்களில் இன்று தாமான்கள்தாம். இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறந்து, பத்து காவானில் தொழிற்சாலைகள் வரிசைகட்டிய பிறகு வீடுகள் இன்னும் நெருங்கிவிட்டன. தாமானுக்கு ஒரு துண்டுப் பூங்கா உண்டு. ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஓரமாக ஒரு கால்வாய். ஆண்டுக்கு ஒருமுறை கோத்தோங் ரோயோங் வரும். பேனர் கட்டுவோம், ஒரே நிறத்தில் சட்டை போடுவோம், நாசி லெமாக் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோம். மறுமாதம் பழைய குருடி கதவைத் திறடிதான். அந்த ஒரு நாளுக்கு அப்பால் பூங்காவை யார் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள். இவற்றில் பலவற்றுக்கு வீட்டில் கிடக்கும் பொருளே போதும்.

1. கத்தியைத் தீட்டுவதற்கு முன் நிலம் யாருடையது என்று கேளுங்கள். தாமான் பூங்கா பெரும்பாலும் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. புதிய தாமானாக இருந்தால் மேம்பாட்டாளர் அதை இன்னும் மன்றத்திடம் ஒப்படைக்காமலும் இருக்கலாம். மலைப்பாதை என்றால் பெரும்பாலும் வனத்துறை. ஒரு கடிதம், ஒரு வரைபடம், என்ன செய்யப்போகிறோம் என்று பத்து வரி எழுதிக் கொடுங்கள். கேட்காமல் செய்த நல்ல காரியத்தை மறுநாள் ஓர் அதிகாரி வந்து பிடுங்கிப் போட்டால் யாரையும் நொந்துகொள்ள முடியாது.

2. "இந்த மரம் வீட்டை மறைக்கிறது, வெட்டிவிடலாம்" என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் கிளம்புவார். 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. தையல் பெட்டியிலிருக்கும் அளவு நாடாவைக் கொண்டுபோய் அவர் கண்ணெதிரிலேயே அளந்து காட்டுங்கள். வாக்குவாதம் அதோடு முடிந்துவிடும்.

3. முதல் நாளே பூங்கா முழுவதையும் சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். ஒரு பெஞ்சு, அதன் மேல் நிழல் விழும் ஒரு மரம், அதைச் சுற்றிப் பத்தடி. அந்த இடம் ஒரு மாதம் சுத்தமாக இருந்தால் மக்கள் உட்கார வருவார்கள். உட்கார்ந்தவர்களில் இருவர் அடுத்த வாரம் கை கொடுப்பார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையோரம் குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலத்தில் 'நிழல்' அமைப்பினர் 2006-இல் மரப் பூங்கா தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் வந்து களை பிடுங்கியதும் நீர் ஊற்றியதும்தான் அதைக் காடாக்கின. ஒரு நாள் திருவிழாவால் ஆகிற காரியம் அல்ல அது.

4. நேரம் ஞாயிறு காலை 7.30 முதல் 9.30 வரை. அதற்கு மேல் இழுக்காதீர்கள். பத்து மணி வெயிலில் நின்றவர் அடுத்த முறை வரமாட்டார். ஞாயிறு காலையில் தேவாலயம் போகிறவர்களுக்காக மாதத்தில் ஒருமுறை சனிக்கிழமையும் வையுங்கள்.

5. தாமானில் ருக்குன் தெத்தாங்கா இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். 1975 முதல் இருக்கிற அக்கம்பக்கத்தார் அமைப்பு அது. கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் அவர்களிடம் கிடைக்கலாம். அதைவிட முக்கியம், மலாய், சீன அண்டை வீட்டாரும் வருவார்கள். தமிழர்கள் மட்டும் கூடிச் சுத்தம் செய்யும் பூங்காவை மற்றவர்கள் "அவங்க இடம்" என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள். எதிர்வீட்டு ஆண்டியை நேரில் போய்க் கூப்பிடுவதற்குப் புலனக் குழுவில் போடும் பத்துச் செய்தியும் ஈடாகாது.

6. உடுப்பு விஷயத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் கெட்டிக்காரர்கள். பழைய கைநீளச் சட்டை, தலைக்குத் துண்டு, முழங்கால் வரை பூட்ஸ். அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாக வருகிறவரைத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அனுப்புங்கள். வெட்டும் வேலை வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

7. கருவிகளை ஆளுக்கொன்று வாங்க வேண்டாம். ஐந்து ஈர்க்குமாறு, இரண்டு மண்வெட்டி, ஒரு பாராங் கத்தி, இரண்டு இலைவாரி, கிளை வெட்டும் ரம்பம் ஒன்று. இருபது பேருக்கு இது தாராளம். கைப்பிடியில் வீட்டில் மிஞ்சிய மஞ்சள் சாயத்தைப் பூசினால் புல்லில் தொலையாது, யார் வீட்டுக் கருவி என்ற சண்டையும் வராது. வேலை முடிந்ததும் மண்ணைத் தட்டி, துடைத்து, இரும்பில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரு வாரம் போதும் துருப் பிடிக்க.

8. இலையை எரிக்காதீர்கள். "ஏன் தம்பி எரிக்கிறே?" என்று கேட்டால், "கொசு ஓடிடும்லக்கா" என்று பதில் வரும். கொசு அந்தப் பக்கம் போய்விட்டு மாலையில் திரும்பி வரும். புகை மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் தங்கும். திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட.

9. எரிக்காமல் குப்பை லோரியில் ஏற்றிவிட்டால் ஆச்சா? பினாங்கின் குப்பையில் பெரும்பகுதி போய்ச் சேருவது நமக்குத் தெற்கே, நிபோங் திபாலுக்கு அப்பால் உள்ள பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்கு. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்தபோது சுற்றுவட்டார மக்கள் நாள்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். ஆகவே பூங்கா இலை பூங்காவிலேயே மக்கட்டும். செய்முறை இதோ:

தொழிற்சாலைப் பக்கம் மரப் பாலெட்டுகள் கழித்துப் போடுவார்கள். கேட்டு நான்கு வாங்கி, நான்கு பக்கமும் நிறுத்திக் கம்பியால் கட்டுங்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் உள்ளே சூடேறும். அடியில் குச்சிகள். அதன்மேல் காய்ந்த இலை மூன்று வாளி, பச்சைப் புல் ஒரு வாளி, ஒரு கைப்பிடி மண். இதே வரிசையில் மாற்றி மாற்றி அடுக்குங்கள். பச்சைப் புல்லை மட்டும் குவித்தால் பிசுபிசுத்து நாறும், காய்ந்த இலையை மட்டும் குவித்தால் ஒரு வருடம் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். பிழிந்த ஸ்பாஞ்சுபோல் இருக்க வேண்டும். தண்ணீர் ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள், உதிர்ந்தால் ஒரு வாளி தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மழைக்கு மேலே பழைய அரிசிச் சாக்கைப் போட்டு மூடுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை நனைத்த மண் வாசத்தோடு உரம் ஆகிவிடும்.

இறைச்சி, மீன், மிஞ்சிய கறிக்குழம்பு மட்டும் இதில் வேண்டவே வேண்டாம். எலி வந்துவிடும், உங்களை எதிர்ப்பவர்களுக்கும் நல்ல காரணம் கிடைத்துவிடும். வீட்டு உரம் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்புவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கே கல்வி அதிகாரியாக இருந்துவரும் என்.வி. சுப்பாராவ் பள்ளி, கோயில் என்று போய்ப் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்.

10. உரத்தையும் இலையையும் மரத்தடியில் போடும்போது தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. பட்டை அழுகும், கறையான் ஏறும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு விரல் கனத்துக்கு வட்டமாகப் பரப்புங்கள்.

11. லாலாங் புல்லை வெட்டிச் சலித்தவர்களுக்கு: அதன் உயிர் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டில் இருக்கிறது. மேலே வெட்ட வெட்ட வளரும். அதற்கு எமன் நிழல். ரப்பர் தோட்டங்களில் கொடிப்பயறு இனங்களை மூடுபயிராக விட்டு லாலாங்கை அடக்கியது அதனால்தான். பூங்காவில் அந்த வேலையை அட்டைப்பெட்டி செய்யும். பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தரையில் விரித்து, நனைத்து, மேலே ஒரு சாண் உயரத்துக்கு இலையைக் கொட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் தொடாதீர்கள். இடையில் எட்டிப் பார்க்கும் குருத்தை மட்டும் பிடுங்குங்கள். களைக்கொல்லி மருந்து குழந்தைகள் புரளும் இடத்துக்கு ஆகாது.

12. தொட்டாற்சிணுங்கியை மழை பெய்த மறுநாள் பிடுங்குங்கள். வேரோடு வரும். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் முள் கையிலும் வேர் மண்ணிலும் தங்கும்.

13. மரம் நட நல்ல காலம் செப்டம்பர், அக்டோபர். மழை நமக்காகத் தண்ணீர் ஊற்றும். ஜனவரி, பிப்ரவரியில் நட்டுப் படம் எடுத்துக்கொள்வது கன்றைக் கொல்லும் வழி. குழி, வேர்க்கட்டியைப்போல் இரண்டு பங்கு அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் தெரிய வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கழற்றாமல் நடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவைக்கிறேன்.

14. எந்த மரம்? நடைபாதை ஓரத்துக்கு மகிழம். நிழலும் உண்டு, பூ வாசமும் உண்டு. கொஞ்சம் இடம் இருந்தால் புன்னை, கொன்றை. தூங்குமூஞ்சி மரம் அழகுதான், ஆனால் துண்டுப் பூங்காவுக்கு அது யானை. பெரிய மைதானத்தில்தான் வைக்க வேண்டும். வேலியோரத்தில் கறிவேப்பிலையும் காஸ்தூரி எலுமிச்சையும் வையுங்கள். இலையைத் தின்னும் புழுவைப் பார்த்து மருந்தடிக்க ஓடாதீர்கள். அதுதான் சில வாரத்தில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியாகப் பறக்கும். தாமான் பிள்ளைகளுக்குப் பாடநூலில் படித்ததை நேரில் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

15. கோடையில் புதுக் கன்றுக்கு வாரம் இருமுறை ஒரு வாளி. தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். வாளி தூக்க ஆளில்லாத இடத்தில், ஒன்றரை லிட்டர் பாட்டிலின் அடியில் ஊசியால் இரண்டு துளை போட்டு, கன்றருகே பாதி புதைத்து, நிரப்பி மூடியைத் தளர்வாக வைத்துவிடுங்கள். மூடி இல்லாமல் வைத்தால் கொசுப் பண்ணை ஆகும்.

16. நட்ட கன்றுகள் சாவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். கன்றின் அடியைக் குனிந்து பாருங்கள். புல்வெட்டும் மெஷினின் நைலான் கயிறு பட்டையைச் சுற்றிச் சீவியிருக்கும். பட்டை முழுவட்டமாகப் போனால் இலை செய்த சாப்பாடு வேருக்கு இறங்காது, மரம் மெல்ல மெல்லச் செத்துப்போகும். ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து தண்டைச் சுற்றி மாட்டுங்கள். தண்டு பருத்ததும் கழற்றிவிடுங்கள். புல் வெட்ட வரும் தொழிலாளிக்கு ஒரு குளிர்ந்த பானம் கொடுத்து, மரத்தைக் கையால் காட்டிச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் புரிந்துகொள்வார். மன்றத்துக்கு மனு எழுதுவதைவிட இது சீக்கிரம் பலிக்கும்.

17. டிங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம்தான். ஆகவே வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பூங்காவை ஒரு சுற்று. பார்க்க வேண்டியவை: பிளாஸ்டிக் குவளை, பழைய டயர், பெஞ்சு ஓரம் கிடக்கும் பொட்டலப் பை, வாழை இலைக் காம்பு, ஊஞ்சல் இருக்கையின் பள்ளம். நம் வீட்டுக் குற்றம் ஒன்றும் உண்டு. சூறைத்தேங்காய் உடைத்த ஓடுகள். குப்புறக் கவிழ்த்தால் போதாது, பொறுக்கி எடுத்துவிடுங்கள். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் 1975 நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி சுகாதாரத் துறையினர் கம்பவுண்டு எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவைத் தொடாது.

18. கால்வாயை மழைக்காலத்துக்கு முன்பே, ஆகஸ்டிலேயே பாருங்கள். 2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கே மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மழைக்கு எந்தக் கால்வாயும் தாங்கியிருக்காதுதான். ஆனால் சாதாரண மாலை மழைக்கே தாமான் ரோட்டில் தண்ணீர் நிற்பது நாம் போட்ட பையும் பாட்டிலும் அடைத்துக்கொள்வதால். ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் நோய் கீறல் வழியே ஏறும். வேலை முடிந்து சில நாளிலோ வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் கால்வாயில் இறங்கியதைச் சொல்லுங்கள். பலர் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

19. பாம்பு, குளவிக் கூடு இரண்டிலும் வீரம் வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு 999-ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள். இலைக் குவியலில் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பார்ப்பது எப்போதும் நல்லது.

20. உடைந்த ஊஞ்சல், நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, ஆடும் சறுக்குமரம் இவற்றை நாமே கம்பி கட்டிச் சரிசெய்யக் கூடாது. நாம் கட்டிய கம்பி அறுந்து ஒரு பிள்ளை விழுந்தால் பழி நம் தலையில். கயிறு கட்டித் தடுத்து, படம் எடுத்து, நாள் குறித்து மாநகர் மன்றத்துக்குப் புகார் அனுப்புங்கள். புகார் எண்ணை எழுதிவைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள். ஒரே புகாரைப் பத்து வீட்டார் தனித்தனியாக அனுப்பினால் இன்னும் நல்லது.

21. இனி மலைப்பாதை. புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக்குன், நிபோங் திபால் பக்கம் புக்கிட் பஞ்சோர், தீவில் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவிலிருந்து மேலே ஏறும் வழிகள் என்று நம்மவர் நடக்கும் இடங்கள் பல. நடப்பவர் காலைவிடத் தண்ணீர்தான் பாதையைத் தின்கிறது. நடந்து நடந்து நடுவில் குழிந்த பாதை மழையில் ஓடை ஆகிறது, ஓடை மண்ணை அரிக்கிறது, வேர் வெளியே வருகிறது. மழை நின்றதும் போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எங்கே வெளியேற முடியாமல் நிற்கிறது என்று தெரியும். வெளியேற வேண்டிய இடத்தில், பள்ளப் பக்கத்து மண் வரம்பை மண்வெட்டியால் ஓரடி அகலத்துக்குச் சீவிவிடுங்கள். செங்குத்தான இடத்தில் கல்லையோ கட்டையையோ குறுக்கே நேராக வைக்காமல் சாய்த்து, பள்ளப் பக்கம் தண்ணீர் வழியும்படி புதையுங்கள். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது பாதை போடுகிறவர்களின் கணக்கு. கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் சைக்கிளோட்டிகளும் நடையர்களும் சேர்ந்து பாதை பராமரிக்கிறார்கள். பாதி வேலை தண்ணீரை வழிமாற்றுவதுதான். இவற்றில் எதையும் வனக் காப்பகத்துக்குள் வனத்துறை சொல்லாமல் தொடக் கூடாது.

22. சேறாக இருக்கிறது என்று பாதையை விட்டு ஓரமாக நடக்காதீர்கள். பாதை அகலமாகிக்கொண்டே போகும், செடி சாகும். வளைவுகளுக்கு நடுவே குறுக்குவழியும் வேண்டாம். குறுக்குவழி போட்ட இடத்தில் கிளையைப் போட்டு மூடுவதே ஒரு நல்ல தொண்டு.

23. அட்டைக்குத் தோட்டத்து வைத்தியம்: வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு கொஞ்சம், இல்லையென்றால் புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காலுறை.

24. பாறையிலும் மரத்திலும் பெயர் எழுதுகிறவர்களுக்கு: செரோக் தோக்குன் அடிவாரத்தில், செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில், 1845-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த பாறைக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது என்பதால் அதைப் பாதுகாக்கிறார்கள். உங்கள் பெயருக்கும் காதலியின் பெயருக்கும் அந்த மரியாதை கிடைக்காது, கம்பித் தூரிகை வைத்துத் தேய்ப்பதுதான் நடக்கும்.

25. சாப்பாடு இருந்தால் கூட்டம் வரும். தப்பில்லை. ஆனால் குப்பை பொறுக்க வந்த இடத்தில் ஐம்பது பொட்டலத் தாளையும் பிளாஸ்டிக் கரண்டியையும் விட்டுப் போகாதீர்கள். அடுக்குத் தூக்கில் கொண்டுவாருங்கள். எல்லாரும் சாப்பிடும்படி சைவமாக, கொண்டைக்கடலைச் சுண்டலும் தேநீரும் போதும். குடிக்கத் தண்ணீரோடு, வியர்த்துக் களைத்தவர்களுக்கு ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து ஒரு கூஜாவில் தயாராக வையுங்கள்.

26. கடலோரம் ஆர்வம் உள்ளவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990-களிலிருந்து கண்டல் கன்று நட்டு வருகிறார்கள். நிபோங் திபாலுக்கு அருகே சுங்கை சென்னாமில் அவர்களின் கண்டல் கல்வி மையம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். மீன்குஞ்சுக்கு வீடு வேண்டும் என்று சொந்தத் தொழிலை நினைத்து நட்டவர்கள் அவர்கள். அதனால்தான் ஒரு நாள் நட்டுவிட்டுப் போகாமல், செத்த கன்றுக்கு மறுகன்று வைக்கத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

27. கடைசியாக, ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு வீடு என்று முறை எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரே ஒரு முறை, அரைமணி நேரம். எட்டு வீடு சேர்ந்தால் ஒரு பூங்கா தாங்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல் எல்லாம் வைக்காதீர்கள், அங்கேதான் நம்மவர்களுக்குச் சண்டை தொடங்கும். உங்கள் தாமானில் எட்டு வீடு தேறாதா? இந்த ஞாயிறே இரண்டு வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்.